வெள்ளெழுத்து வந்த கண்ணுக்கு மஸில்லோடர் சைட்: அளவெடுப்பதில் தொடங்கி அரம் பிடிப்பது வரை

"போன வருஷம் வரைக்கும் நன்றாகத்தான் அடித்தது, இப்போது குண்டு எங்கெங்கோ போகிறது." நாற்பத்தைந்து வயதைத் தாண்டியவர்கள் மஸில்லோடர் ரைஃபிளோடு, அதாவது குழல்வாய் வழியாக வெடிமருந்தும் குண்டும் போடும் துப்பாக்கியோடு வந்து இப்படிச் சொல்வதைப் பல முறை கேட்டிருக்கிறேன். வெடிமருந்தின் அளவை மாற்றிப் பார்த்திருப்பார்கள், குண்டைச் சுற்றும் பேட்ச் துணியை மாற்றியிருப்பார்கள், குறி பார்க்க உதவும் சைட்டைக்கூடப் புதிதாக வாங்கிப் பொருத்தியிருப்பார்கள். கண்ணை மட்டும் சோதித்திருக்க மாட்டார்கள். நானும் இரண்டு பின்சைட் (குழலில் கண்ணுக்கு அருகில் இருக்கும் சைட்) வாங்கிய பிறகுதான் கண் மருத்துவரிடம் போனேன். அந்த இரண்டில் ஒன்றுகூடத் தேவைப்படவில்லை.

அதனால் இந்த வேலையில் வரிசை மிக முக்கியம். முதலில் கண், அடுத்தது கண்ணாடி, பிறகு பின்சைட், அதன் பிறகு குழல்வாய்ப் பக்கம் இருக்கும் முன்சைட். அரமும் துளைப்பானும் எல்லாவற்றுக்கும் கடைசி. கண்ணாடியின் பவரை மாற்றலாம், திரும்பவும் மாற்றலாம். சைட் பொருத்தக் குழலில் வெட்டிய காடியை மூடுவது அவ்வளவு எளிதல்ல.

கையில் இருக்க வேண்டியவை: அளவு நாடா, காலிப்பர், கறுப்பு அட்டை, ஊசி, கறுப்பு இன்சுலேஷன் டேப், கறுப்பு மார்க்கர், ஒரு நோட்டு. உடன் ஒருவர் இருந்தால் அளவெடுக்கும் வேலை பாதியாகக் குறையும்.

1. துப்பாக்கி காலியா என்று பாருங்கள்

இனி வரும் சோதனைகளில் பாதி வீட்டுக்குள் நடப்பவை. மஸில்லோடரைத் திறந்து உள்ளே பார்க்க முடியாது. குழலில் மருந்தும் குண்டும் பல மாதமாகக் கிடந்தாலும் வெளியே தெரியாது.

இடிகம்பியைக் குழலுக்குள் அடிவரை விட்டு, குழல்வாய் மட்டத்தில் அதில் ஒரு கோடு போடுங்கள். பிறகு கம்பியை வெளியே எடுத்து, அந்தக் கோடு குழல்வாய்க்கு நேராக வரும்படி குழலின் வெளிப்பக்கத்தில் வைத்துப் பாருங்கள். கம்பியின் மறுமுனை மருந்து எரியும் இடம்வரை போய்ச் சேர்ந்தால் குழல் காலி. இரண்டு மூன்று சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றுவிட்டால் உள்ளே ஏதோ இருக்கிறது. நிப்பிளில் (கேப் மாட்டும் சிறு குழாய்) கேப் (சுத்தி தட்டினால் பொறி தரும் சிறு மூடி) இல்லை, சக்கிமுக்கித் துப்பாக்கியானால் பற்றவைக்கும் கிண்ணத்தில் மருந்து இல்லை என்பதையும் பார்த்துவிடுங்கள்.

2. எந்த விதிக்குள் சுடப் போகிறீர்கள்?

தாளில் குறி வைத்துச் சுடுவதற்கும் வேட்டைக்கும் ஒரே சைட் பொருந்தாது. போட்டிக்குப் போகிறவர் விதிப்புத்தகத்தைப் பார்க்காமல் எதையும் வாங்கக் கூடாது. எம்எல்ஏஐசி (மஸில்லோடர் சங்கங்களின் சர்வதேசக் குழு) நடத்தும் சர்வதேசப் போட்டிகளில் துப்பாக்கியின் காலத்துக்கு ஏற்ற மாதிரி சைட்தான் இருக்க வேண்டும். அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் மஸில்லோடருக்கென்று ஒதுக்கிய வேட்டைப் பருவத்தில் ஸ்கோப்புக்கும் பேட்டரியில் இயங்கும் சைட்டுக்கும் அனுமதி இல்லை. சில போட்டிகளில் பீப் சைட் (சிறு துளை வழியாகப் பார்க்கும் பின்சைட்) தனிப்பிரிவு, சிலவற்றில் அறவே கிடையாது.

கண்ணாடியில் ஒட்டும் துளைத்தட்டு (நடுவில் சிறு துளை உள்ள தட்டு) பற்றியும் இப்போதே கேட்டு வையுங்கள். துப்பாக்கியில் கை வைக்க விதி இடம் தராதபோது, அதுதான் மிஞ்சும் ஒரே வழியாக இருக்கலாம்.

3. கண்ணிலிருந்து மூன்று தூரங்கள்

வழக்கமாகச் சுடும் நிலையில் துப்பாக்கியை ஏந்தி, கன்னத்தைத் துப்பாக்கியின் கட்டையில் பதியுங்கள். உடன் இருப்பவர் கண்ணின் வெளி ஓரத்திலிருந்து பின்சைட் வரை, முன்சைட் வரை என்று இரண்டு அளவு எடுக்கட்டும். மூன்றாவது, நீங்கள் அதிகமாகச் சுடும் இலக்கின் தூரம். மூன்றையும் எழுதிவையுங்கள்.

நீளக் குழல் ரைஃபிளில் பின்சைட் சுமார் 50 சென்டிமீட்டர், முன்சைட் சுமார் 110 சென்டிமீட்டர் என்று வரலாம். உங்கள் துப்பாக்கியில் எவ்வளவோ அதுதான் கணக்கு. பிறர் அளவை வாங்கிக்கொள்ளாதீர்கள். கழுத்தின் நீளமும் கட்டையின் வளைவும் மாறினால் இதுவும் மாறும்.

இந்த அளவுகள் எதற்கு? கண் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். இளம் வயதில் கண்வில்லை நொடிக்குள் வடிவம் மாறி மூன்றையும் மாறி மாறிக் காட்டிவிடும். வயதாக ஆக வில்லை விறைத்துப்போகிறது. அதுதான் வெள்ளெழுத்து. முதலில் மங்குவது பக்கத்தில் இருக்கும் பின்சைட், அடுத்தது முன்சைட். ஐம்பதை ஒட்டிய வயதில் ஒரு குழப்பம் உண்டு: காலையில் முன்சைட் தெளிவாக இருக்கும், இருபதாவது குண்டுக்கு மங்கிவிடும். வில்லையின் வடிவத்தை மாற்றும் தசை களைத்துப்போவதால் வருவது இது.

4. கண் மருத்துவரிடம், அளவுத்தாளோடு

வெள்ளெழுத்து என்று நாமே முடிவுகட்டிவிடக் கூடாது. விளக்கைச் சுற்றி வளையம் தெரிகிறது, வெயிலில் கூசுகிறது என்றால் கண்புரையாக இருக்கலாம். நேர்க்கோடு நெளிந்து தெரிந்தால் விழித்திரையில் கோளாறு, உடனே போக வேண்டும். இந்த இரண்டையும் எந்த சைட்டும் சரிசெய்யாது.

சர்க்கரை நோய் உள்ளவர்கள் சர்க்கரை கட்டுக்குள் நிற்கும் நாட்களில் பவர் பாருங்கள். சர்க்கரை ஏறி இறங்கினால் கண்ணின் பவரும் சேர்ந்து மாறும். புரை அறுவைசிகிச்சை செய்தவர்கள் கண் ஆறி பவர் நிலைத்த பிறகே கண்ணாடி எழுதி வாங்க வேண்டும். துப்பாக்கியின் உதைப்பை எப்போதிலிருந்து தாங்கலாம் என்பதையும் அறுவை செய்த மருத்துவரிடமே கேளுங்கள்.

மருத்துவரிடம் "முன்சைட் இத்தனை சென்டிமீட்டரில் இருக்கிறது, இலக்கு இத்தனை மீட்டரில்" என்று தாளைக் காட்டுங்கள். "துப்பாக்கி சுடக் கண்ணாடி வேண்டும்" என்று மட்டும் சொன்னால் தூரப்பார்வைக் கண்ணாடிதான் கையில் கிடைக்கும். எந்தக் கண் ஓங்கிய கண் (குறி பார்க்க மூளை முதலில் நம்பும் கண்) என்பதையும் அங்கேயே பார்த்துவிடுங்கள். ஓங்கிய கண்ணில் புரை வந்தால் மூளை மற்றக் கண்ணுக்கு மாறிவிடலாம். இதை அறியாமல் மாதக்கணக்கில் சைட்டைத் திட்டிக்கொண்டிருந்தவர்களை எனக்குத் தெரியும்.

5. கண்ணாடியின் பவர்: கணக்கு எளிதானது

1 மீட்டரை, பார்க்க வேண்டிய தூரத்தால் வகுத்தால் அந்தத் தூரத்துக்கு வேண்டிய கூடுதல் பவர் வரும். முன்சைட் 1.1 மீட்டரில் இருந்தால் சுமார் 0.9. இலக்கு 50 மீட்டரில் இருந்தால் 0.02, கிட்டத்தட்ட பூஜ்யம். இரண்டுக்கும் நடுவில் 0.46. லென்ஸ் கால் கால் பவராகத்தான் கிடைக்கும் என்பதால் பிளஸ் 0.50.

இதை உங்கள் தூரப்பார்வை பவரோடு கூட்ட வேண்டும். தூரத்துக்கு மைனஸ் 2.00 போடுகிறவருக்கு மைனஸ் 1.50. பிளஸ் 1.00 போடுகிறவருக்கு பிளஸ் 1.50. சிலிண்டர் பவர் (கண்ணின் வளைவு எல்லாத் திசையிலும் சீராக இல்லாததைச் சரிசெய்யும் பவர்) இருந்தால் அதை அப்படியே வைத்துக்கொள்ளுங்கள். அதை விட்டுவிட்டால் முன்சைட்டின் ஓரம் இரட்டையாகத் தெரியும்.

குட்டைக் குழலாக இருந்து முன்சைட் 80 சென்டிமீட்டரில் வந்தால் நடுக்கணக்கு 0.6-ஐத் தாண்டும். அப்போது 0.50, 0.75 இரண்டையும் போட்டுப் பாருங்கள். 0.75-இல் முன்சைட் கூர்மையாகும், இலக்கு கொஞ்சம் கலங்கும். என் அனுபவத்தில் அந்தப் பக்கம் சாய்வதே நல்லது. இலக்கு சற்று மங்கலாக இருந்தாலும் அதன் நடுவைக் கண் கண்டுபிடித்துவிடும். முன்சைட் மங்கினால் தவறு எந்தப் பக்கம், எவ்வளவு என்று தெரியவே தெரியாது.

புதியவர்கள் செய்யும் பெரிய தவறு படிக்கும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு சுடுவது. பிளஸ் 2.00 என்றால் கூர்மை அரை மீட்டரில் நின்றுவிடும். பின்சைட் அழகாகத் தெரியும், இலக்கு கரைந்துபோகும்.

அடுத்த தவறு புரோக்ரசிவ் கண்ணாடி, அதாவது மேலிருந்து கீழே பவர் மாறிக்கொண்டே போகும் கண்ணாடி. கன்னம் கட்டையில் பதிந்திருக்கும்போது கண் லென்ஸின் மேல்புறம், மூக்கோரம் வழியாகப் பார்க்கிறது. சைட் மங்கலாகத் தெரிந்ததும், தெளிவைத் தேடித் தலை தானாக நிமிரும். கன்னம் பதியும் இடம் ஒவ்வொரு முறையும் மாறும், குண்டு மேலும் கீழும் சிதறும். முழு லென்ஸிலும் ஒரே பவர் இருக்கும் கண்ணாடிதான் வேண்டும். சுடும் நிலையில் நின்று, பார்வை லென்ஸைக் கடக்கும் இடத்தில் உடன் இருப்பவரை ஒரு புள்ளி வைக்கச் சொல்லுங்கள். லென்ஸின் மையத்தை அங்கே வைக்க முடியுமா என்று கண்ணாடிக் கடையில் கேளுங்கள்.

லென்ஸ் பாலிகார்பனேட்டாக இருக்கட்டும். கேப் சில்லும் சக்கிமுக்கிப் பொறியும் கண்ணுக்கு மிக அருகில் பறக்கின்றன. பக்கவாட்டு மறைப்பும் வேண்டும்.

6. ஊசித்துளைச் சோதனை

சைட்டுக்குப் பணம் போடும் முன் இதைச் செய்யுங்கள், பத்து நிமிடம் போதும். கறுப்பு அட்டையில் சுமார் 1.2 மில்லிமீட்டர் துளை போட்டு, கண்ணாடியில் பார்வை கடக்கும் இடத்தில் டேப்பால் ஒட்டுங்கள். நல்ல வெளிச்சத்தில் சைட்டைப் பாருங்கள்.

முன்சைட், இலக்கு, ஓரளவு பின்சைட்டும்கூடத் தெளிந்தால், உங்கள் சிக்கல் கண் குவியும் தூரத்தில் மட்டுமே இருக்கிறது. மங்கலின் அளவு இரண்டைப் பொறுத்தது: பவர் எவ்வளவு தவறியிருக்கிறது, ஒளி நுழையும் துளை எவ்வளவு அகலம். கண்பாவை 3 மில்லிமீட்டர் விரிந்திருக்கும்போது 1.2 மில்லிமீட்டர் துளை வைத்தால் மங்கல் பாதிக்கும் கீழே போகிறது. பீப் சைட் உங்களுக்குப் பலன் தரும்.

துளை வைத்தும் தெளியவில்லை என்றால் நான்காம் படிக்குத் திரும்புங்கள். காரணம் புரையாகவோ விழித்திரையாகவோ இருக்கலாம்.

துளை சிறிதாகச் சிறிதாக நல்லது என்று நினைத்துவிடாதீர்கள். 1 மில்லிமீட்டருக்குக் கீழே போனால் ஒளி துளையின் விளிம்பில் சிதறிப் புதிய மங்கல் வரும். வெளிச்சமும் போய்விடும்.

7. பின்சைட்: குறைந்த வெட்டில் தொடங்குங்கள்

பழைய வெட்டையே அகலமாக்குதல். பல துப்பாக்கிகளில் பின்சைட்டின் வெட்டு குறுகலான வி வடிவம். மங்கிய கண்ணுக்கு அதன் இரண்டு சுவரும் ஒன்றோடொன்று கலந்துவிடும், அடிமுனை எங்கே என்றே தெரியாது. அடி தட்டையான சதுர வெட்டு நல்லது. முன்சைட்டாக நிற்கும் தகட்டின், அதாவது பிளேடின், இரண்டு பக்கமும் வெளிச்சக்கோடு தாராளமாகத் தெரிய வேண்டும்.

எவ்வளவு அகலம்? பிளேடு 2 மில்லிமீட்டர், பின்சைட் 50 சென்டிமீட்டரில், முன்சைட் 110-இல் என்றால், பின்சைட் தளத்தில் பிளேடு சுமார் 0.9 மில்லிமீட்டராகத் தெரியும். அதன் இரண்டு மடங்கு, 1.8 மில்லிமீட்டர் வெட்டு என்று தொடங்குங்கள். அகலம் கூடினால் துல்லியம் கெடும் என்று பயப்படுவார்கள். இரண்டு வெளிச்சக்கோடுகளைச் சமமாக்குவதில் கண் மிகவும் தேர்ந்தது. தெரியாத கோட்டைத்தான் அதனால் சமமாக்க முடியாது. பின்சைட்டின் கண் பார்க்கும் முகம் பளபளப்பில்லாத கறுப்பாக இருக்கட்டும்.

பின்சைட்டை முன்னே நகர்த்துதல். 40 சென்டிமீட்டரில் இருக்கும் சைட்டுக்கு 2.5 பவர் வேண்டும். அதையே 60-க்குத் தள்ளினால் 1.7 போதும். பிளஸ் 0.50 கண்ணாடியோடு பார்த்தால் பவரின் பற்றாக்குறை 2.0-இலிருந்து 1.2-ஆக இறங்குகிறது. இது பெரிய மாற்றம். இரண்டு சைட்டுக்கும் இடையிலான நீளம் குறைவதுதான் இழப்பு. நீளக் குழலில் அந்த இழப்பைத் தாங்கலாம், குட்டைக் குழலில் யோசிக்க வேண்டும்.

காடி வெட்டும் முன், சைட்டை இரட்டைப்பக்க டேப்பால் குழலில் ஒட்டி, இரண்டு இரண்டு சென்டிமீட்டராக முன்னே நகர்த்திப் பாருங்கள். இது பார்ப்பதற்கு மட்டும், சுடுவதற்கு அல்ல. காலையில் ஒரு முறை, கண் களைத்த மாலையில் ஒரு முறை குறித்து, மாலைக் குறியையே எடுத்துக்கொள்ளுங்கள்.

பீப் சைட். விதி இடம் தந்தால் என் முதல் தேர்வு இதுதான். கண்ணுக்கு அருகில் உள்ள துளை வழியாகப் பார்க்கும்போது கண் தானாகவே வெளிச்சம் மிகுந்த நடுவை எடுத்துக்கொள்கிறது. மூன்றில் ஒன்றான பின்சைட்டைப் பற்றி நினைக்கவே வேண்டியதில்லை. புதியவர்கள் துளையையே உற்றுப் பார்த்து, அதன் விளிம்பு மங்கலாக இருக்கிறது என்று குறைப்படுவார்கள். துளையைப் பார்க்கக் கூடாது, துளை வழியாக முன்சைட்டைப் பார்க்க வேண்டும்.

வெயிலில் தாள் இலக்குக்கு 1 முதல் 1.3 மில்லிமீட்டர் துளை. வேட்டைக்கு 3 மில்லிமீட்டரும் அதற்கு மேலும். போட்டிக்கான சிறு தட்டோடு அந்திப்பொழுதில் காட்டுக்குள் போனால் துளைக்குள் இருட்டைத் தவிர ஒன்றும் தெரியாது. அகலத் துளையில் கூர்மை அவ்வளவாகக் கூடாது, ஆனாலும் மங்கிய வெட்டோடு மல்லுக்கட்டும் வேலை மிச்சம்.

பீப்பை டேங்கில், அதாவது குழலின் பின்வாலில் பொருத்தும்போது இரண்டைக் கவனியுங்கள். உதைப்பில் சைட் பின்னே வரும். கண்ணுக்கும் அதற்கும் நடுவே தாராளமான இடைவெளி வேண்டும், சுடப்போகும் முழு மருந்தளவிலும் அது போதுமா என்று பார்க்க வேண்டும். இன்னொன்று கொக்கி வைத்த குழல். சுத்தம் செய்யக் குழலைக் கழற்றும் வகை ரைஃபிள்களில் டேங்க் கட்டையோடு நின்றுவிடும், குழல் தனியாக வரும். கொக்கி தளர்ந்திருந்தால், மாட்டும்போதெல்லாம் பின்சைட்டும் முன்சைட்டும் வேறு வேறு நேரில் நிற்கும். முதலில் அந்தத் தளர்வைச் சரிசெய்யுங்கள், அல்லது குழலிலேயே நிற்கும் பீப்பைத் தேடுங்கள்.

மருந்து எரியும் பகுதியின் மேலே ஒருபோதும் துளையிடாதீர்கள். குழலின் சுவர்க்கனத்தை அளக்காமல் காடியும் வெட்ட வேண்டாம். குழலில் வேறு இடத்தில் துளையிடுவதையும் காடி வெட்டுவதையும் துப்பாக்கி வேலை தெரிந்தவரிடம் விடுங்கள்.

எதையும் வெட்ட மனமில்லை, அல்லது விதி விடவில்லை என்றால், கண்ணாடியில் ஒட்டும் துளைத்தட்டு இருக்கிறது. ஊசித்துளைச் சோதனையில் செய்ததேதான், கொஞ்சம் நேர்த்தியாக. தலை சற்று அசைந்தாலும் துளை விலகிவிடும் என்பதால் கன்னம் எப்போதும் ஒரே இடத்தில் பதியப் பழக வேண்டும்.

8. முன்சைட்

2 மில்லிமீட்டர் பிளேடு 1.1 மீட்டரில் நின்றால், 50 மீட்டர் தள்ளி சுமார் 9 சென்டிமீட்டரை மறைக்கும். இந்தக் கணக்கை உங்கள் இலக்கோடு ஒப்பிடுங்கள். தாளில் கறுப்பு வட்டத்தின் அடியில் பிளேடை வைத்துச் சுடுகிறவருக்கு, வட்டத்தின் அகலத்துக்கு ஏறக்குறைய சமமான பிளேடு வசதி. பழைய துப்பாக்கிகளின் மிக மெல்லிய பிளேடு வயதான கண்ணுக்குக் கரைந்து மறைந்துவிடும்.

உருண்ட முகமுள்ள வெள்ளி, பித்தளை முன்சைட்டில் ஒரு பொறி இருக்கிறது. சூரியன் வலப்பக்கம் இருந்தால் அதன் வலப்பக்கம் மட்டும் மின்னும். கண் அந்த மினுக்கத்தையே சைட் என்று எடுத்துக்கொண்டு நடுவில் வைக்கும், குண்டு இடப்பக்கம் போகும். பார்வை மங்க மங்க இந்தத் தவறு பெரிதாகும். கண் பார்க்கும் முகத்தைத் தட்டையாக ராவிவிடுங்கள். வெள்ளைத் தாளுக்குச் சுடும்போது மார்க்கரால் கறுப்படியுங்கள். மெழுகுவர்த்திப் புகையில் கறுப்பேற்றும் பழக்கம் உண்டு. கரிமருந்து இருக்கும் இடத்தின் பக்கம்கூட அந்தச் சுடர் வரக் கூடாது.

வேட்டையில் பின்னணி இருட்டாக இருப்பதால் வெளிர்நிறம் வேண்டும். ஃபைபர் ஆப்டிக் (வெளிச்சத்தை வாங்கி முனையில் ஒளிரும் இழை) நல்ல வெளிச்சம் தரும், ஆனால் சிலிண்டர் பவர் உள்ள கண்ணுக்கு அந்தப் புள்ளி வால்முளைத்துப் பெரிதாகத் தெரியும். வாங்கும் முன் வெயிலில் நின்று பாருங்கள்.

9. ஸ்கோப், ரெட் டாட்

விதி இடம் தந்து, துப்பாக்கியும் இன்லைன் வகையாக (பற்றவைக்கும் இடம் குழலுக்கு நேர் பின்னால் உள்ள நவீன வகை) இருந்தால் ஸ்கோப் சிக்கலை நேராகத் தீர்க்கிறது. குறுக்குக்கோடும் இலக்கும் ஒரே தளத்தில் தெரியும். கண்பக்கத்து வளையத்தை, வெறும் வானத்தைப் பார்த்தபடி, முதல் பார்வையிலேயே கோடு கூர்மையாகத் தெரியும்வரை திருப்புங்கள். உற்றுப் பார்த்துக்கொண்டே திருப்பினால் கண் ஈடுகட்டி ஏமாற்றிவிடும். கண்ணுக்கும் ஸ்கோப்புக்கும் குறைந்தது 9 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கட்டும்.

ரெட் டாட் என்பது லென்ஸில் சிவப்புப் புள்ளி காட்டும் சைட். அதன் புள்ளி தூரத்தில் இருப்பதுபோல் தெரிவதால் தூரப்பார்வைக் கண்ணாடியே போதும். புள்ளி நட்சத்திரமாகச் சிதறினால் சிலிண்டர் பவரைச் சரிபாருங்கள். பக்கவாட்டு நிப்பிளும் சக்கிமுக்கியும் உள்ள பழைய வகைகளில் தீப்பொறியும் கசடும் லென்ஸில் படியும் என்பதால் நான் பரிந்துரைப்பதில்லை.

10. பொருத்தி, சுட்டு, ராவுதல்

முன்சைட்டை வேண்டியதைவிட உயரமாகப் பொருத்துங்கள். உயரம் கூடினால் குண்டு கீழே விழும், ராவினால் மேலே ஏறும். குறைத்ததைக் கூட்ட முடியாது.

எவ்வளவு ராவுவது? குண்டு விலகிய அளவை இரண்டு சைட்டுக்கும் இடையிலான நீளத்தால் பெருக்கி, இலக்கின் தூரத்தால் வகுக்க வேண்டும். சைட்டுகளுக்கு இடையே 75 சென்டிமீட்டர், 50 மீட்டரில் குண்டு 10 சென்டிமீட்டர் கீழே என்றால் 1.5 மில்லிமீட்டர் வருகிறது. முதலில் 1 மில்லிமீட்டர் மட்டும் ராவி மறுபடி சுடுங்கள். பக்கவாட்டுக்கு, பின்சைட்டைக் குண்டு போக வேண்டிய பக்கம் நகர்த்துங்கள். முன்சைட்டை நகர்த்துவதானால் அதற்கு எதிர்ப்பக்கம்.

ஒரு குண்டைப் பார்த்து அரத்தை எடுக்காதீர்கள். ஒரே மருந்தளவு, ஒரே பேட்ச், ஒவ்வொரு சுடலுக்குப் பின்னும் ஒரே மாதிரித் துடைப்பு என்று ஐந்து சுட்டு, ஐந்து துளைகளின் நடுவைப் பாருங்கள். கசடு ஏற ஏறக் குண்டு போகும் இடம் மாறும். துடைப்பதில் ஒழுங்கில்லாதவர், கசடின் தவறை சைட்டில் திருத்தி முடித்திருப்பார்.

காலை, நடுப்பகல், மாலை என்று மூன்று வெளிச்சத்திலும், சூரியன் இடமும் வலமும் இருக்கும்போதும் சுட்டுப் பார்த்த பிறகே கடைசி அரை மில்லிமீட்டரைத் தொடுங்கள். நோட்டில் கண்ணாடி பவர், துளை அளவு, மருந்தளவு, வெளிச்சம் நான்கையும் தேதியோடு எழுதுங்கள். அடுத்த ஆண்டு முன்சைட் மறுபடி மங்கினால், அந்தப் பக்கத்தோடு நேராகக் கண் மருத்துவரிடம் போங்கள். பெரும்பாலும் கால் பவர் மாற்றம்தான் இருக்கும், துப்பாக்கியைத் தொடவே வேண்டியிருக்காது.